பெயரும் பிறப்பும்: கல்முனைக் கரையின் உணவுப் பெயர்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பிரதேச மக்களின் வரலாற்றை எழுத முற்படுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் அரசினர் அறிக்கைகளையும் நாடுவது வழக்கம். அடுக்களையை நாடுவோர் மிகச் சிலரே. ஆயினும், எழுத்தறியாத தலைமுறைகளும் நாள்தோறும் பேணிவந்த ஆவணம் ஒன்று உண்டெனின், அஃது அவர்கள் உண்ட உணவும் அவ்வுணவுக்கு அவர்கள் இட்டு வழங்கிய பெயருமேயாகும்.

இவ்வாவணத்தைப் படிப்பதில் ஓர் இடர்ப்பாடு உளது. ஓர் உணவின் பெயரிலே ஒரு நாட்டின் அல்லது நகரத்தின் பெயர் காணப்படின், அவ்வுணவு அங்கேயே பிறந்தது எனக் கொள்வது பொதுமக்கள் வழக்கு. உணவகத்தின் முகப்பிலே ‘சைனீஸ்’ என்றும் ‘அரேபியன்’ என்றும் எழுதப்பட்டிருப்பின், உள்ளே கிடைப்பது சீனத்து உணவு, அரேபியத்து உணவு என நம்புவதும் அவ்வாறே. இந்நம்பிக்கை எத்துணைப் பொருத்தமானது என்பதைக் கல்முனைக் கரையை, அதிலும் நற்பிட்டிமுனையை, நடுவாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். உணவின் பிறப்பிடம் பற்றிய வினா இக்கரையில் வெறும் சுவைப் பொருளாக நின்றுவிடுவதில்லை. மனிதரின் பிறப்பிடம் பற்றிய வினாவோடு அது பின்னிக் கிடக்கின்றது. ஆதலின் இவ்வாராய்ச்சி தேவையாகின்றது.

நற்பிட்டிமுனையின் அமைவு

கல்முனை நகருக்கு மேற்கே, வயல்வெளியை அண்டி அமைந்துள்ள ஊர் நற்பிட்டிமுனை. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் ஊர் இது. கிழக்கே கடல், மேற்கே நெல்வயல் என்ற அமைப்பு இவ்வூருக்கு மட்டுமன்றி, மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது, காரைதீவு எனக் கரை நெடுகிலும் தொடரும் ஊர்கள் அனைத்துக்கும் பொதுவானது. 1961 ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும்வரை இவ்வூர்கள் யாவும் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தனவாய் இருந்தன.

போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என 1626 ஆம் ஆண்டு நிகழ்ச்சியாக வரலாற்று நூல்கள் குறிப்பிடும். வந்தவரும் முன்னிருந்தவரும் கலந்து, உழவுத் தொழிலை மேற்கொண்டு, தமிழையே தாய்மொழியாகப் பேசி வாழ்ந்தனர். தாய்வழிக் குடிமுறை இப்பகுதித் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் ஒருங்கே காணப்படுவது அவ்வாழ்வின் விளைவாகும். ஒரே வயலின் நெல்லும் ஒரே கடலின் மீனும் இரு சாரார் வீட்டிற்கும் சென்றன. புட்டும் இடியப்பமும் தயிரும் சம்பலும் இரு சாரார்க்கும் பொது. எனவே, ‘இது எவருடைய உணவு?’ என்ற வினாவுக்கு விடைகாண இவ்வூர் ஏற்ற களமாகும்.

சம்பற் கிண்ணம்

இவ்வூரின் காலை உணவுகளிலே மிக எளியதும் மிகப் பழகியதும் புட்டும் தேங்காய்ச் சம்பலுமாகும். வெளியூர் சென்றவர் முதலில் நினைத்து ஏங்குவதும் இதனையே. உள்ளூருக்கே உரியதெனக் கருதப்படும் இச்சம்பலைக் கூறுகூறாக நோக்குதல் பயனுடைத்து.

முதலாவது, பெயர். ‘சம்பல்’ என்பது மலாய் மொழிச் சொல். மலாய்த் தீவுகளில் மிளகாயை இடித்தோ அரைத்தோ ஆக்கப்படும் தொடுகறிக்கு அதுவே இன்றும் பெயர். இலங்கையின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர், பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளிலே தமது ஆட்சிக்குட்பட்ட சாவகம் முதலிய தீவுகளிலிருந்து படைவீரரையும் நாடுகடத்தப்பட்ட பிரபுக்களையும் இங்குக் கொணர்ந்தனர். அவர்தம் வழித்தோன்றல்களே இலங்கை மலாயர். அவர்களது சொல் இன்று சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஆகிய அனைவரது அடுக்களையிலும் வழங்குகின்றது.

இரண்டாவது, மிளகாய். மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் இதற்கு வழங்கும் பெயர் ‘கொச்சிக்காய்’. மலையாளக் கரையிலுள்ள கொச்சித் துறைமுகத்தின் பெயரை இது தாங்கி நிற்கின்றது. சிங்களத்தில் ‘கொச்சி’ எனக் காரமிக்க சிறு மிளகாய்க்குப் பெயர் வழங்குவதும் இதனோடு ஒப்பிடற்பாலது. ஆயின் மிளகாய்ச் செடி கொச்சியிற் பிறந்ததன்று. அது தென், நடு அமெரிக்காவுக்கு உரியது. 1492 ஆம் ஆண்டில் கொலம்பசு அட்லாண்டிக்கைக் கடக்கும் முன்னர் ஆசியாவில் எவரும் மிளகாயைச் சுவைத்ததில்லை. போர்த்துக்கேயர் 1498 இல் கள்ளிக்கோட்டையையும் 1500 இல் கொச்சியையும் அடைந்தனர். அவர்களது கப்பல்கள் கொணர்ந்த மிளகாய் மலையாளக் கரையிற் பரவி, அங்கிருந்து இக்கரைக்கு வந்தது. வாங்கியவர்க்குத் தெரிந்தது கொச்சிவரையுமே. அதற்கப்பாலிருந்த பெருங்கடலும் புதிய கண்டமும் அவர்களது பெயரில் இடம்பெறவில்லை.

இத்தவறு கிழக்குக் கரைக்கு மட்டும் உரியதன்று. 1542 ஆம் ஆண்டில் தாவர நூலொன்றை வெளியிட்ட ஜெர்மானிய அறிஞர் லெயோன்ஹார்ட் பூக்சு, மிளகாயைக் ‘கள்ளிக்கோட்டை மிளகு’ என்ற பெயரால் குறித்தார். கற்றறிந்த ஐரோப்பியர் ஒருவரும் கல்முனைக் கரையின் உழவர்களும் ஒரே வகையான பிழையைச் செய்துள்ளனர். அமெரிக்கப் பறவையாகிய வான்கோழியை ஆங்கிலேயர் துருக்கி நாட்டின் பெயரால் அழைப்பர். துருக்கியரோ அதனை இந்தியாவின் பெயரால் ‘ஹிந்தி’ என்பர். போர்த்துக்கேயர் அதற்கிட்ட பெயர் ‘பெரு’. மூவரும் மூன்று திசைகளைச் சுட்டினர். பறவையோ மெக்சிக்கோவிலிருந்து வந்தது.

மூன்றாவது, மாசி. மாலைதீவிலிருந்து வரும் மாசிக் கருவாடே சம்பலுக்குச் சுவை தருவது. அதன் பெயர் மாலைதீவு மொழியில் மீனைக் குறிக்கும் ‘மஸ்’ என்ற சொல்லோடு தொடர்புடையது. பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாலைதீவில் தங்கியிருந்த மொரோக்கோப் பயணி இபுனு பதூதா, அங்குப் புகையூட்டி உலர்த்தப்பட்ட மீன் இந்தியா, சீனம், யெமன் ஆகிய நாடுகளுக்கு ஏற்றுமதியாவதைக் குறிப்பிடுகின்றார். இவ்விடத்தில் பெயரும் பிறப்பும் ஒன்றாகவே உள்ளன. எனவே, உணவுப் பெயர்கள் யாவும் பொய்யென ஒதுக்குதலும் பொருந்தாது.

எஞ்சியவற்றுள் வெங்காயம் மத்திய ஆசியாவின் பயிர். தேங்காயும் உப்பும் கரைக்கு உரியன. ஆக, ஒரு சிறு கிண்ணத்திலே மலாய்ச் சொல்லும், கொச்சியின் பெயர் தாங்கிய அமெரிக்கக் காயும், மாலைதீவு மீனும், மத்திய ஆசிய வெங்காயமும், உள்ளூர்த் தேங்காயும் ஒன்றுகூடியுள்ளன. இருப்பினும், இவை அனைத்தும் இந்த அளவில், இந்த முறையில் ஒன்றுசேர்ந்தது இந்நாட்டு அடுக்களையிலேதான். கூறுகள் வந்தவை, கூட்டு இங்குப் பிறந்தது.

வழி காட்டும் பெயர்களும் வழி தவறிய பெயர்களும்

மேற்கூறியவற்றால் ஒரு முறைமை புலப்படுகின்றது. உணவுப் பெயரில் வரும் ஊர்ப்பெயர் பெரும்பாலும் அப்பொருள் கடைசியாகக் கைமாறிய துறையைக் குறிக்கின்றது. பிறந்த நிலத்தை அது குறிப்பது அரிது. கல்முனைச் சந்தையில் வழங்கும் வேறு சில பெயர்களையும் இம்முறையில் நோக்கலாம்.

‘சீனி’ என்ற சொல் சீனத்தைச் சுட்டுவது. கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் படிகமாக்கும் கலை இந்தியாவில் வளர்ந்தது என்பதும், தாங் வமிசத்துப் பேரரசன் 647 ஆம் ஆண்டில் அதனைக் கற்றுவரத் தூதுவரை மகதத்துக்கு அனுப்பினான் என்பதும் சீன வரலாற்று நூல்களிலேயே பதிவாகியுள்ளன. மாணவனாக வந்த நாட்டின் பெயர் பிற்காலத்தில் வெண்ணிறச் சீனிக்குப் பெயராயிற்று. கற்கண்டுக்கு வட இந்தியாவில் வழங்கும் ‘மிஸ்ரி’ என்ற பெயரோ எகிப்தைக் குறிப்பது. இன்று அம்பாறை மாவட்டத்திலேயே, ஹிங்குராணையிலே விளையும் கரும்பிலிருந்து ஆக்கப்படுவதும் ‘சீனி’ என்றே அழைக்கப்படுகின்றது. சொந்த மாவட்டத்து விளைபொருள் தொலைநாட்டின் பெயரைச் சுமந்து சந்தைக்கு வருவது சிந்தித்தற்குரியது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு கறுவா. உயர்ந்த இனக் கறுவா இலங்கைக்கே உரியது. அதற்காகவே போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இத்தீவில் போரிட்டனர். ஆயினும் பாரசீகத்தில் அதற்கு வழங்கிய பெயர் ‘தார்சீன்’, அதாவது சீனத்து மரம். வட இந்திய மொழிகளில் வழங்கும் ‘தால்சீனி’ என்ற சொல் இதன் வழிவந்ததே. சீனத்துக்கு உரியதல்லாத ஒன்று இங்குச் சீனத்தின் பெயரைப் பெற்றது போல, இலங்கைக்கு உரிய ஒன்று வெளியே சீனத்தின் பெயரைப் பெற்றது.

சில பெயர்கள் வழியைக் கூடக் காட்டுவதில்லை. செவிப்பிழையால் உண்டானவை அவை. இலங்கையில் செந்நிறப் பருப்பை ‘மைசூர்ப் பருப்பு’ என்பர். மைசூருக்கும் அதற்கும் தொடர்பில்லை. வடமொழியில் ‘மசூர’ எனவும் இந்தியில் ‘மசூர்’ எனவும் வழங்கிய பருப்பின் பெயர், கேட்டுப் பழகிய ஒரு நகரத்தின் பெயராக மாறிவிட்டது. அப்பருப்புப் பயிர் முதன்முதலில் பயிரிடப்பட்டது மேற்காசியாவில். இன்று இலங்கைக்கு அது பெரும்பாலும் கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருகின்றது. மேற்காசியப் பயிர், கனடிய விளைச்சல், கன்னட நாட்டுப் பெயர் என்ற மூன்றும் ஒரு பிடி பருப்பில் அடங்கியுள்ளன. ‘பம்பாய் வெங்காயம்’ என்ற பெயரோ கப்பலேறிய துறையைச் சரியாகவே காட்டுகின்றது. பம்பாய் 1995 இல் மும்பாயாகப் பெயர் மாறிய பின்பும், வெங்காயம் எங்கிருந்து வந்தபோதும், சந்தையில் அதன் பெயர் மாறவில்லை.

கோதுமை மாவின் கதை இதனினும் அண்மைக் காலத்தது. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. ‘பாண்’ என்ற சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. கோதுமை மாவுக்கு முதியோர் வழங்கிய ‘அமெரிக்கன் மா’ என்ற பெயர், ஐக்கிய அமெரிக்காவிலிருந்து உதவித் திட்டங்களின் கீழ் மா வந்த காலத்தை நினைவூட்டுவது. 1980 இல் திருகோணமலையில் பிறிமா மாவாலை இயங்கத் தொடங்கியபின், மா உள்நாட்டில் அரைக்கப்பட்டது. தானியம் மட்டும் வெளியிலிருந்து வந்தது. கிழக்கு மாகாணமே தன் பிறப்பிடமெனப் பலராலும் உரிமை பாராட்டப்படும் கொத்துரொட்டி, இவ்வாறு வந்த மாவினால் ஆனது. கப்பலில் வந்த மாவை ரொட்டியாக்கி, இரும்புத் தட்டிலே கறியோடும் முட்டையோடும் கொத்தி, ஒலியாலேயே அடையாளம் காணத்தக்க உணவாக்கியது இந்நாட்டுக் கடைகளின் கைவண்ணம். கோதுமையின் ஊரைக் காரணங்காட்டிக் கொத்துரொட்டியை அந்நிய உணவு எனக் கூறுவார் எவருமிலர்.

பெருநாட் பண்டங்கள்

பெருநாளன்று முஸ்லிம் வீடுகளில் ஆக்கப்படும் வட்டிலப்பம் தனித்து நோக்கற்பாலது. இது மலாயரால் இலங்கைக்கு வந்தது என்பர். மலாய் நாடுகளில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்து ஆக்கப்படும் ‘ஸ்ரீகாயா’ என்ற பண்டம் இதனோடு ஒத்திருப்பது அக்கூற்றுக்கு வலுச் சேர்க்கின்றது. ஆயின் பெயரோ முழுத் தமிழ்: வட்டில், அப்பம். சம்பலில் உள்ளூர்ப் பண்டத்துக்கு மலாய்ப் பெயர். வட்டிலப்பத்தில் மலாய்ப் பண்டத்துக்குத் தமிழ்ப் பெயர். இவ்வகையில் கொடுக்கலும் வாங்கலும் இருதிசையிலும் நிகழ்ந்துள்ளன. வட்டிலப்பத்திலிடும் கித்துள் கருப்பட்டியும் ஏலக்காயும் இந்நாட்டவை. சாதிக்காய் பண்டாத் தீவுகளின் செல்வம். மேலே தூவும் மரமுந்திரிகைப் பருப்பு போர்த்துக்கேயர் பிரேசிலிலிருந்து கொணர்ந்த மரத்தினது. அம்மரம் மட்டக்களப்புக் கரையின் மணல்நிலத்தில் இன்று தானாக முளைத்ததுபோல நிற்கின்றது.

தொதலும் இத்தகையதே. பெயரும் பண்டமும் மலாய் நாட்டிலிருந்து வந்தவை. தமிழகத்தின் கீழக்கரையிலும் அதே பெயரில் அது ஆக்கப்படுவது, பாக்குநீரிணையின் இரு கரையையும் இணைத்த மரக்கல வாணிகத்துக்குச் சான்றாகும்.

‘மஸ்கட்’ என்ற இனிப்பின் பயணம் இன்னும் விரிந்தது. கோதுமைமாவைக் கரைத்தெடுத்த பாலைச் சீனியோடும் நெய்யோடும் கிளறி ஆக்கப்படும் இப்பண்டம் ஓமானின் தலைநகர் மஸ்கட்டின் பெயரைத் தாங்குகின்றது. ஓமானில் இன்றும் மாப்பசையும் சீனியும் நெய்யும் சேர்த்துக் கிளறப்படும் ஹல்வா அந்நாட்டு விருந்தோம்பலின் அடையாளமாக விளங்குகின்றது. ஆகவே பெயரிலே உண்மையின் சாயல் உண்டு. தமிழகத்தில் தூத்துக்குடிப் பகுதியிலுள்ள முதலூர் என்ற ஊர் ‘மஸ்கோத்’ அல்வாவுக்குப் பெயர்பெற்றது. அங்கு நெய்க்குப் பதிலாகத் தேங்காய்ப்பால் சேர்ப்பர். அதனை இலங்கையிலிருந்து கற்று வந்ததாகவே அவ்வூரார் கூறுவர். பெயரில் ஓமான், நினைவில் இலங்கை, புகழில் முதலூர் என மூன்று ஊர்களும் ஒரு பண்டத்துக்கு உரிமை கொண்டுள்ளன. மூன்று உரிமையும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல.

உணவக முகப்புகள்

இதுகாறும் கூறிய பெயர்கள் மக்கள் வழக்கில் தாமாக அமைந்தவை. உணவகத்தின் முகப்பிலே எழுதப்படும் நாட்டுப் பெயரோ விலைக்கும் மதிப்புக்குமாகத் தேர்ந்து சூட்டப்படுவது. ஆகவே அதனை வேறு முறையில் அளக்க வேண்டும்.

இலங்கையின் தேநீர்க்கடைகள் எங்கும் விற்கப்படும் ‘சைனீஸ் ரோல்ஸ்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மாவடையிலே மீனும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுருட்டி, முட்டையில் தோய்த்து, பாண்தூளிலே புரட்டிப் பொரிப்பது அது. பாண்தூளில் புரட்டிப் பொரிப்பது ஐரோப்பியர் முறை. உருளைக்கிழங்கு அமெரிக்கப் பயிர். உள்ளீட்டின் உறைப்பு உள்ளூரது. சுருட்டிய வடிவம் ஒன்றே சீனத்தை நினைவூட்டுவது. 1409 ஆம் ஆண்டைச் சேர்ந்த காலி மும்மொழிக் கல்வெட்டைச் சீனக் கடற்றளபதி செங் ஹோ கொணர்ந்தபோது, அதிலே சீனத்தோடு தமிழும் பாரசீகமும் பொறிக்கப்பட்டிருந்தன. இத்தீவில் சீனத் தொடர்பு பழையதே. ஆயின் தேநீர்க்கடையின் ‘சைனீஸ்’ அத்தொடர்பின் எச்சமன்று. இந்தியாவில் சீன உணவகங்கள்தோறும் பரிமாறப்படும் ‘மஞ்சூரியன்’, 1975 இல் பம்பாயில் நெல்சன் வாங் என்ற சமையற்காரர் ஆக்கியது எனப் பொதுவாகக் கூறப்படும். இங்கிலாந்தின் ‘இந்திய’ உணவகங்களுட் பெரும்பாலானவற்றை நடத்துவோர் வங்காளதேசத்துச் சில்ஹெட் பகுதியினர். அவ்வுணவகங்களில் வளர்ந்த கோழி டிக்கா மசாலாவைப் பிரித்தானியரின் உண்மையான தேசிய உணவென 2001 இல் அந்நாட்டு வெளிவிவகார அமைச்சர் ரொபின் குக் ஓர் உரையிற் குறிப்பிட்டார்.

இலங்கையின் பெயரும் இவ்வாறு பிறரால் எடுத்தாளப்பட்டுள்ளது. தமிழகத்திலும் கேரளத்திலும் ‘சிலோன் பரோட்டா’ விற்கப்படுகின்றது. முட்டையும் கறியும் உள்ளே வைத்து மடித்த அப்பண்டத்தை அப்பெயரில் கேட்டால் கல்முனைக் கடைக்காரர் வியப்படைவர். ‘சிலோன்’ என்ற நாட்டுப் பெயர் 1972 இல் குடியரசு யாப்போடு நீங்கியது. உணவுப் பட்டியலிலும் தேயிலைப் பெட்டியிலும் அது இன்னும் நிலைபெற்றுள்ளது. சிலோன் தேயிலையின் செடியோ சீனத்துக்கும் அசாமுக்கும் உரியது. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் வணிகப் பயிராக அதனை நட்டார். இன்று உலகம் அதனை இலங்கையின் அடையாளமாகவே மதிக்கின்றது. பிறப்பு வேறிடமாயினும், மண்ணும் மலையும் உழைப்பும் சேர்ந்து உரிமையை ஈட்டித்தரும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. 2022 இல் ஐரோப்பிய ஒன்றியம் ‘சிலோன் கறுவா’வுக்குப் புவிசார் பெயர்ப் பாதுகாப்பு அளித்தபோது, பிறப்பும் பெயரும் சட்டத்தின் துணையோடு ஒன்றுபட்டன.

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையான நெடுஞ்சாலையில் அண்மைக் காலத்தில் மிகுந்துவரும் அரேபிய உணவகங்களை இப்பின்னணியில் நோக்குதல் வேண்டும். 1970களின் பிற்பகுதி தொடக்கம் வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்றோர் பலர். அவர்கள் அங்குப் பழகிய சுவை ஊருக்குத் திரும்பியது. மந்தி யெமனின் ஹளறமௌத் பகுதிக்கு உரியது. ஷவர்மா அறபு நாடுகளின் உணவாயினும், அச்சொல் சுழற்றுதலைக் குறிக்கும் துருக்கியச் சொல்லின் திரிபு. மந்தியின் உயிர்நிலை சோறு. ஹளறமௌத்தை அடுத்த ழுபார் துறைமுகத்தைக் கண்ட இபுனு பதூதா, அந்நகரத்தார்க்கு இந்தியாவிலிருந்து வரும் அரிசியே முதன்மை உணவென எழுதினார். மந்தியில் மணக்கும் ஏலமும் மிளகும் தென்னிந்திய, இலங்கை மலைகளின் விளைவு. அறபு நாட்டு உணவு எனச் சிறப்பித்துப் பரிமாறப்படும் தட்டிலே, ஒரு காலத்தில் கிழக்கிலிருந்து மேற்கே கடல் கடந்த பொருள்களே பெரும்பகுதி. நெல்லுக்குப் பெயர்பெற்ற அம்பாறை மாவட்டத்தில் அத்தட்டுக்கு வெளிநாட்டு பஸ்மதி வருவது காலத்தின் கோலம்.

மறுபுறத்தில், இப்பகுதி முஸ்லிம்களின் திருமண விருந்திலே ஆறு பேர் சூழ்ந்திருந்து உண்ணும் ‘சஹன்’ பழைய வழக்கு. சஹன் என்பது தட்டைக் குறிக்கும் அறபுச் சொல். சொல்லும் கூடியுண்ணும் ஒழுங்கும் அறபுலகத்தை நினைவூட்டினும், அதில் இடப்பட்ட சோறு அயல் வயலின் சோறு. கறி இவ்வூர்ப் பெண்களின் கைப்பக்குவம். புதிய மந்தித் தட்டைவிடப் பழைய சஹன் குறைந்த விளம்பரத்தோடு ஆழ்ந்த தொடர்பைக் காட்டுகின்றது எனலாம்.

மனிதரின் பிறப்பிடமும் உணவின் பிறப்பிடமும்

உணவைப் பற்றிய இவ்வினா மனிதரைப் பற்றியும் எழுப்பப்பட்டதுண்டு. 1888 ஆம் ஆண்டில் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தாற் தமிழரே எனவும் மதத்தால் மட்டுமே வேறுபட்டவர் எனவும் அரச ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளையில் வாதிட்டார். மொழியையும் பழக்கவழக்கங்களையும் அவர் சான்றாகக் கொண்டார். 1907 இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதனை மறுத்து, சோனகரின் அறபு மூலத்தை நிறுவ முற்பட்டார். முன்னவரின் வாதம் சட்டசபைப் பிரதிநிதித்துவத்தோடும், பின்னவரின் வாதம் ஒரு சமுதாயத்தின் தனித்துவ உரிமையோடும் தொடர்புடையன. அரசியற் பயன் எதுவாயினும், இரு வாதங்களுக்கும் அடிப்படை ஒன்றே: ஒரு மக்களுக்கு ஒரு பிறப்பிடந்தான் இருக்க முடியும் என்ற எடுகோள். சம்பற் கிண்ணம் இவ்வெடுகோளை ஏற்பதில்லை. பல துறைகளிலிருந்து வந்தவை ஓரிடத்தில் ஒன்றாகி, அவ்விடத்துக்கே உரியனவாதல் இயல்பு என்பதே அது காட்டும் உண்மை. வந்த வழியை மறுக்கவும் வேண்டியதில்லை. நின்ற இடத்தை இழக்கவும் வேண்டியதில்லை.

இவ்வுண்மை மறக்கப்படும்போது நேர்வது யாதென்பதற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரிலே முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில், உணவிற் காணப்பட்ட ஒரு கட்டியைக் கருத்தடை மருந்தென வதந்தி பரப்பினர். அவ்வுணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரசாங்கப் பகுப்பாய்வாளரின் ஆய்வில் அக்கட்டி வெறும் மாவே எனத் தெளிவாயிற்று. கப்பலில் வந்து திருகோணமலையில் அரைக்கப்பட்டு, சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் நாள்தோறும் பாணாகவும் ரொட்டியாகவும் உண்ணும் அதே கோதுமை மா. உணவை ஆக்கியவர் அந்நியர் என்ற எண்ணம் வேரூன்றியபின், எல்லார் வீட்டிலுமுள்ள மாவும் நஞ்சாகத் தோன்றியது. தமிழரும் முஸ்லிம்களும் 1985 முதலாகப் பட்ட துயரங்களும் கிழக்குக் கரையின் நினைவில் உள்ளன. அக்காலங்களில் ஒருவர் கடையில் மற்றவர் தேநீர் அருந்தாத நாட்கள் இருந்தன. அந்நாட்களிலும் இரு சாரார் வீட்டு அம்மியிலும் அரைபட்டது ஒரே கொச்சிக்காய்தான்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், உணவுகள் தாம் தாங்கும் நாட்டுப் பெயர்க்கு உரியனவா என்ற வினாவுக்கு ஒரே விடை இல்லை என்பது புலனாகும். மாசியும் கறுவாவும் போன்றவை தம் நிலத்துக்கு உண்மையாகவே உரியன. கொச்சிக்காயும் பம்பாய் வெங்காயமும் வந்த துறையைக் குறிக்கும் பெயர்களை உடையன. மைசூர்ப் பருப்பு செவிப்பிழையின் விளைவு. ‘சைனீஸ்’, ‘சிலோன்’ முதலியன விற்போரின் தேர்வு. இவற்றுள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையான வரலாற்றுச் சான்றாகும். பெயரைப் பிறப்புச் சான்றிதழாக ஏற்போரும், பொய்யெனத் தள்ளுவோரும் அச்சான்றின் பயனை இழப்பர்.

ஓர் உணவு எங்குப் பிறந்தது என்பதோடு, அதனை யார் தொடர்ந்து ஆக்கினர், யாரோடு பகிர்ந்துண்டனர் என்பதையும் ஆராய்ந்தே அதன் உரிமையைத் தீர்மானித்தல் வேண்டும். அவ்வளவையால் நோக்கின், மலாய்ப் பெயரும் அமெரிக்கக் காயும் மாலைதீவு மீனும் கலந்த சம்பல் நற்பிட்டிமுனையின் உணவே. அதனை நூற்றாண்டுகளாக அடுத்தடுத்த வீடுகளில் அரைத்துண்ட தமிழரும் முஸ்லிம்களும், எக்கரையிலிருந்து வந்தோரின் வழியினராயினும், அவ்வூருக்கு அதே அளவில் உரியவராவர்.